மயக்க மருந்துக்குப் பின் தசைச் சிதைவு: நோயாளியும் குடும்பத்தாரும் செய்ய வேண்டியவை

முழு மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, அரிதாகச் சிலருக்குத் தசை நார்கள் சிதைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதமும் பொட்டாசியமும் இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. மயோகுளோபின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு தடுமாறும்.

தற்காப்பு, சிங்கப்பூரில் மயக்க மருத்துவரைச் சந்திக்கும் நாளிலேயே தொடங்குகிறது. இரத்த உறவினர் எவருக்காவது மயக்க மருந்தின்போது கடுங்காய்ச்சலோ தசை விறைப்போ எதிர்பாராத மரணமோ நேர்ந்ததா என்று, தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் இருக்கும் பெரியவர்களைத் தொலைபேசியில் கேட்டறிந்த பிறகே அவரிடம் செல்லுங்கள். மெல்பர்னில் கால் முறிந்த இளைஞர் ஒருவர், தம் உறவினர் பத்துப் பேர் மயக்க மருந்தின்போது இறந்ததை எடுத்துச் சொன்னதால்தான், மயக்க மருந்தால் உடல் வெப்பம் எகிறித் தசைகளைச் சிதைக்கும் பரம்பரை மிகைவெப்பக் கோளாறு 1960இல் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. பெற்றோரில் ஒருவரிடம் அக்கோளாறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. முன்பு மயக்க மருந்து ஒத்துக்கொண்டது என்பதை மட்டும் நம்பி இதைச் சொல்லாமல் விடாதீர்கள். செவோஃபுளுரேன் போன்ற வாயுக்களும் சக்சினைல்கோலின் என்னும் ஊசி மருந்தும் அடுத்த முறை அதைத் தூண்டிவிடலாம். குடும்பத்துச் சிறுவர்களின் தசைநலிவு நோயையும், கொழுப்பைக் குறைக்க உண்ணும் ஸ்டாட்டின் மாத்திரையையும் அவசியம் குறிப்பிடுங்கள். தமிழ் மட்டுமே பேசும் முதியவருடன் விவரம் தெரிந்த ஒருவர் செல்வது நல்லது.

உடல் பருமன் உள்ளவர்கள் பல மணி நேரம் ஒரே நிலையில் கிடத்தப்படும்போது, அழுந்திய தசையும் சிதையக்கூடும். ஆகவே முதல் சில நாள்களில், வெட்டுக்காயத்திற்குத் தொலைவில் பிட்டத்திலோ தொடையிலோ தோளிலோ கடும் வலியும் வீக்கமும் தோன்றினாலோ, சிறுநீர் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனாலோ, மருத்துவமனையில் இருப்பவர் தாதியிடம் உடனே சொல்ல வேண்டும். வீடு திரும்பியவர், மறுநாள் பலதுறை மருந்தகம் திறக்கட்டும் என்று காத்திராமல், அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மயக்கமோ மூச்சுத் திணறலோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழையுங்கள். வலிக்கு இபுபுரோஃபென் விழுங்காதீர்கள், அது சிறுநீரகத்திற்கு மேலும் சுமையாகும். வீட்டில் தண்ணீர் குடித்துச் சமாளிப்பதும் போதாது. தசை சிதையும்போது இரத்தத்தில் உயரும் கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதியின் அளவையும் பொட்டாசியத்தையும் இரத்தப் பரிசோதனையில் பார்த்து, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவதே முதன்மைச் சிகிச்சை. மிகைவெப்பக் கோளாறுக்கு டான்ட்ரோலின் என்னும் மருந்து தனியாக உண்டு.

குணமானபின், என்ன மருந்தால் என்ன நேர்ந்தது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி, உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு படி கொடுங்கள். ஜொகூரிலோ சென்னையிலோ சிகிச்சை பெற நேர்ந்தால் சிங்கப்பூர் மருத்துவப் பதிவுகள் அங்கு கிடைக்கும் என்று எண்ணாமல், அத்தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.