போனிலிருந்து அக்கவுண்டை எடுக்கும்போது நாம் விடும் தவறுகள்

திருகோணமலை உப்புவெளியில் சித்தி வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். சித்தி தன் போனைக் கொண்டுவந்து என் கையில் தந்து, "என்ட நம்பர் எல்லாம் எங்க தம்பி போச்சு?" என்று கேட்டார். திறந்து பார்த்தால் பட்டியலில் நான்கே நான்கு பேர், அதுவும் எப்போதோ சிம்மில் பதிந்தவை. நிலாவெளியிலிருந்து மீன் கொண்டுவரும் அண்ணன், கோயில் ஐயர், கனடாவில் இருக்கும் மகள், ஒருவரும் இல்லை. முதல்நாள் இரவு அவருடைய மகன், 'ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது' என்று வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, போனில் இருந்த கூகுள் அக்கவுண்டை எடுத்துவிட்டு தன்னுடையதைப் போட்டிருக்கிறான். நல்ல மனதோடுதான் செய்தான். ஆனால் அந்தச் செய்தி சொன்னது போனுக்குள் இருக்கும் இடத்தைப் பற்றி அல்ல, கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியைப் பற்றி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15 ஜிபி. 2021 ஜூன் முதல் நாம் ஏற்றும் போட்டோக்களும் அதில்தான் கழிகின்றன.

சித்தியின் நம்பர்கள் அழியவில்லை. இதை முதலில் விளங்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். போனிலிருந்து அக்கவுண்டை எடுப்பது என்றால், அந்தப் போனுக்கும் கூகுளில் இருக்கும் உங்கள் பெட்டிக்கும் நடுவில் உள்ள கயிற்றை அறுப்பது மட்டும்தான். பெட்டி அங்கேயே இருக்கும், பாஸ்வேர்ட் தெரிந்தால் எந்தப் போனிலும் திறக்கலாம். அக்கவுண்டையே நிரந்தரமாக மூடுவது முற்றிலும் வேறு வேலை, அதைச் செய்தால் மெயில், படங்கள், வாங்கிய ஆப் எல்லாம் சேர்ந்து போகும். இரண்டுக்கும் 'டிலீட்' என்றே நம் வாயில் வருகிறது, அதனால்தான் சிலர் முதலாவதைச் செய்யப்போய் இரண்டாவதைச் செய்துவிடுகிறார்கள். போனின் செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குள் போய் 'ரிமூவ் அக்கவுண்ட்' என்பதைத் தொட்டால் அது முதலாவது. கூகுள் தளத்துக்குள் போய் 'டிலீட் யுவர் கூகுள் அக்கவுண்ட்' என்பதற்குப் போனால் அது இரண்டாவது, அங்கே கை வைக்காதீர்கள். இன்னொன்று, எடுத்துவிட்ட அக்கவுண்டை அப்படியே மறந்துவிடவும் கூடாது. 2 வருடம் யாருமே உள்நுழையாத தனிநபர் அக்கவுண்டுகளை கூகுள் நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

சரி, பாஸ்வேர்ட் தெரிந்தால் திறக்கலாம் என்றேன். சித்திக்குத் தெரியாது. நம் ஊரில் இதுதான் பெரிய பிரச்சினை என்று நினைக்கிறேன். போன் வாங்கும்போது கடையில் இருக்கும் தம்பியே ஒரு மெயில் உருவாக்கி, ஏதோ ஒரு பாஸ்வேர்டைப் போட்டு, "இந்தாங்கோ அம்மா" என்று கையில் கொடுத்துவிடுவான். அம்மாமார் அதை ஐந்து, ஆறு வருடம் பாவிப்பார்கள், தங்களுக்கு ஒரு மெயில் இருப்பதே தெரியாமல். சித்தியின் போன் வந்த பெட்டி அலுமாரிக்கு மேல் இருந்தது. மூடியின் உள்பக்கத்தில் நீல நிறப் பேனையால் மெயில் விலாசம் எழுதியிருந்தது, பாஸ்வேர்ட் இல்லை. நல்ல காலம், மீட்பு எண்ணாக சித்தியின் நம்பரையே அந்தத் தம்பி கொடுத்திருந்தான். 'ஃபர்கொட் பாஸ்வேர்ட்' கொடுத்ததும் குறுஞ்செய்தியில் குறியீடு வந்தது, புதிய பாஸ்வேர்ட் போட்டோம். அக்கவுண்டைத் திரும்பப் போனில் சேர்த்துக் கொஞ்ச நேரத்தில் பட்டியல் மேலிருந்து கீழாக நிரம்பிக்கொண்டு வந்ததை சித்தி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே உங்கள் வீட்டில் யாருடைய போனில் கை வைப்பதென்றாலும், அக்கவுண்ட் உள்ளே இருக்கும்போதே அதன் மெயில் விலாசம் என்ன, பாஸ்வேர்ட் தெரியுமா, மீட்பு எண் இப்போதும் பாவனையில் உள்ள சிம்தானா என்று பாருங்கள். உள்ளே இருக்கும்போது இதைச் சரிசெய்வது சுலபம், ஏனென்றால் 'இது நீங்கள்தானா' என்ற கேள்வியை கூகுள் அநேகமாக அந்தப் போனுக்கே அனுப்பும். வெளியே வந்த பிறகு, மீட்பு எண்ணும் பாவனையில் இல்லையென்றால், நிரூபிக்க உங்களிடம் அநேகமாக ஒன்றும் இருக்காது. பாஸ்வேர்டை ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் வையுங்கள். வயதானவர்களுக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நம்பர்கள் விஷயத்தில் இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். ஒரே பட்டியலாகத் தெரிந்தாலும் சில பெயர்கள் கூகுளில் இருக்கும், சில போனுக்குள், சில சிம்மில். அக்கவுண்டை எடுத்தால் கூகுளில் உள்ளவை மட்டும் போனை விட்டுப் போகும். போனில் பதிவதைத் தானாகவே கூகுளுக்கு அனுப்பும் 'சிங்க்' ஓஃப் செய்யப்பட்டிருந்தால்தான் உண்மையான ஆபத்து: கூகுளின் கீழ் பதிந்ததாகப் போனில் காட்டும், ஆனால் கூகுளுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது, அந்த நிலையில் அக்கவுண்டை எடுத்தால் அந்தப் பெயர்கள் எங்கேயும் இல்லை. அதனால் முதலில் வைஃபையில் போட்டு ஒரு தடவை சிங்க் ஆக விடுங்கள், பிறகு வேறொரு போனிலோ கணினியிலோ கூகுள் கொன்டாக்ட்ஸைத் திறந்து கடைசியாகப் பதிந்த ஒரு பெயர் அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

படங்களில் நடக்கும் தவறு வேறு மாதிரி, இதுதான் எனக்கு அதிகம் வயிற்றெரிச்சலைத் தருவது. பழைய போனை யாருக்கோ கொடுக்கப்போகிறோம், நம் குடும்பப் படங்கள் அதில் இருக்கக் கூடாது என்று நினைத்து, அக்கவுண்ட் உள்ளே இருக்கும்போதே கூகுள் போட்டோஸைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்து அழிப்பார்கள். அங்கே அழித்தால் அந்தப் போனில் மட்டும் அழியாது. கிளவுடிலும், அதாவது கூகுளில் இருக்கும் உங்கள் பெட்டியிலும் அழியும், அதே அக்கவுண்ட் உள்ள புதிய போனிலும் காணாமல் போகும். பேக்கப் ஆன, அதாவது கூகுளுக்கு ஒரு பிரதி போய்ச் சேர்ந்த படம் என்றால் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் தெரிந்தால் திரும்ப எடுக்கலாம், 61ஆம் நாள் நினைவு வந்து பயனில்லை. ஐபோனிலும் இதே கதைதான்: ஆப்பிளின் பெட்டியான ஐகிளவுட் ஓன் செய்திருக்கும்போது ஒரு படத்தையோ பெயரையோ கையால் அழித்தால் எல்லாக் கருவிகளிலும் போகும், படங்களுக்கு அங்கே 30 நாள்தான் தவணை. முறை தலைகீழானது. கையால் ஒன்றையும் அழிக்காதீர்கள். முதலில் அக்கவுண்டை எடுங்கள், கயிறு அறுந்த பிறகு போனை ரீசெட் செய்யுங்கள், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதிய போன்போல ஆக்குங்கள். அப்போது போனில் உள்ளது மட்டும்தான் அழியும்.

ஐபோன் பாவிப்பவர்கள் சைன் அவுட் செய்வதற்கு முன், போட்டோஸ் செட்டிங்ஸில் 'ஒப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் போனில் பல படங்களுக்கு இருப்பது சின்னப் பிரதி மட்டும், முழு அளவுப் படம் ஐகிளவுடில்தான். சைன் அவுட் செய்யும்போது தொடர்புகள், நாட்காட்டி போன்றவற்றுக்கு ஒரு பிரதியைப் போனில் வைக்கவா என்று கேட்கும், வேண்டியதை ஓன் செய்யுங்கள். ஆனால் முழு அளவுப் படங்கள் போனிலேயே வேண்டுமென்றால் முன்கூட்டியே 'டவுன்லோட் அண்ட் கீப் ஒரிஜினல்ஸ்' போட்டு, எல்லாம் இறங்கி முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

இனி ரீசெட். திருகோணமலையில் நிறையப் போன்கள் வெளிநாட்டிலிருந்து வருபவை, மாமா லண்டனில் புதிது வாங்கியதும் பழையதை ஊருக்குக் கொடுத்துவிடுவார். என் மச்சானுக்கு அப்படி ஓர் ஐபோன் வந்தது. பெட்டியோடு, கீறல் இல்லாமல். ஓன் செய்து வைஃபையைக் கொடுத்தால், இந்த ஐபோன் வேறொருவருடையது என்று சொல்லி, முதல் எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் புள்ளியாக ஒரு மெயில் விலாசம் திரையில் நின்றது. மாமா எல்லாவற்றையும் அழித்துத்தான் அனுப்பினார், ஆனால் கணினியில் இணைத்து அழித்திருக்கிறார், அக்கவுண்டிலிருந்து வெளியேறவில்லை. 2013இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்து ஐபோனில் இந்த அக்டிவேஷன் லொக் இருக்கிறது. தொலைந்த போனைத் தேட உதவும் 'ஃபைன்ட் மை' ஓன் ஆக இருக்கும்போது இப்படி அழித்தால், பழைய உரிமையாளரின் பாஸ்வேர்ட் இல்லாமல் போன் திறக்காது. ஆண்ட்ரொய்டிலும் 2015இல் 5.1 பதிப்போடு இதேபோன்ற பூட்டு வந்தது. போன் திறக்கவில்லை என்று பட்டன்களைப் பிடித்து ரெக்கவரிக்குள் போய் ரீசெட் செய்தால், திரும்ப எழும்பும்போது பழைய கூகுள் அக்கவுண்டையோ பழைய திரைப் பூட்டையோ கேட்கும்.

மச்சான் போனைத் தூக்கிக்கொண்டு டவுனில் இரண்டு கடைக்கு ஏறி இறங்கினான். ஒரு கடையில் காசு கேட்டார்கள், இன்னொன்றில் உதிரிப்பாகமாக விற்கச் சொன்னார்கள். தயவுசெய்து அதற்குக் காசு கொடுக்காதீர்கள். உரியவர் உங்கள் சொந்தக்காரர் என்றால் போன் அவர் கையில் இருக்கவே தேவையில்லை. லண்டனில் விடியும்வரை காத்திருந்து மாமாவை வட்ஸ்அப்பில் எடுத்தோம். அவர் தன் கணினியில் ஐகிளவுட் தளத்துக்குள் போய், 'ஃபைன்ட் டிவைசஸ்' பட்டியலில் அந்தப் பழைய போனைத் தேர்ந்து, அக்கவுண்டிலிருந்து நீக்கினார். இங்கே போனை ஓஃப் செய்து ஓன் செய்தோம். புள்ளி வைத்த மெயில் இல்லை, 'ஹலோ' மட்டும்தான். சந்தியில் நின்று கதைத்து முடிக்கிற நேரம்கூட எடுக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு தவறும் உண்டு. போன் தொலைந்துவிட்டது, அல்லது பஸ்ஸில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்றால், பதற்றத்தில் அந்தப் போனைத் தங்கள் ஆப்பிள் அக்கவுண்டிலிருந்து நீக்கிவிடுவார்கள். எடுத்தவனுக்குப் பூட்டை நாமே திறந்துவிடுகிற வேலை அது. தொலைந்த போனை 'லொஸ்ட்' என்று குறியுங்கள், தேவைப்பட்டால் தூரத்திலிருந்தே அழியுங்கள், பட்டியலில் மட்டும் விட்டுவையுங்கள்.

கூகுளை எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும் சரியில்லை. சாம்சங் போனில் சாம்சங் அக்கவுண்ட் தனியாக இருக்கும், ஷாவோமி, ரெட்மியில் மி அக்கவுண்ட் (புதிய போன்களில் ஷாவோமி அக்கவுண்ட்) இருக்கும். மி அக்கவுண்டில் 'ஃபைன்ட் டிவைஸ்' ஓன் ஆக இருந்து, வெளியேறாமல் ரீசெட் செய்தால் அதுவும் தன் பாட்டுக்குப் போனைப் பூட்டும். செட்டிங்ஸில் அக்கவுண்ட் பட்டியலை மேலிருந்து கீழே வரை ஒரு முறை பாருங்கள். வேலைத்தலம் கொடுத்த அக்கவுண்ட் அங்கே இருந்தால், அதை எடுக்கும்போது அதனோடு வந்த வேலை ஆப்களும் கோப்புகளும் சேர்ந்து போகும், முதலில் அங்கே கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வட்ஸ்அப் பலரை ஏமாற்றும். அது நம்பரோடு கட்டப்பட்டது, கூகுள் அக்கவுண்டை எடுத்தாலும் வழக்கம்போல ஓடும், அதனால் எல்லாம் சரி என்று இருப்போம். ஆனால் ஆண்ட்ரொய்டில் அதன் பேக்கப் போய்ச் சேர்வது கூகுள் அக்கவுண்டுக்கு. அக்கவுண்ட் போனால் பேக்கப் நின்றுவிடும், ஆறு மாதம் கழித்துப் போன் கடலில் விழுந்தால்தான் தெரியவரும். வட்ஸ்அப் செட்டிங்ஸில் 'சட் பேக்கப்' பகுதியில் எந்த மெயில் காட்டுகிறது, கடைசி பேக்கப் என்றைக்கு என்று பாருங்கள், புதிய மெயிலுக்கு மாற்றி ஒரு தடவை பேக்கப் எடுத்துவிட்டு பழையதைத் தொடுங்கள்.

பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்புப் போட்டவர்களுக்கு அந்தப் போனே சாவி. வேறு எந்தக் கருவியிலும் உள்நுழையாமல் ஒரே போனிலிருந்து அக்கவுண்டை எடுத்து ரீசெட்டும் செய்துவிட்டு, புதிய போனில் நுழையப்போகும்போது பழைய போனில் 'யெஸ்' தட்டச் சொன்னால் என்ன செய்வது? புதிய போனில் முதலில் உள்நுழைந்து எல்லாம் வேலை செய்கிறதென்று உறுதியான பிறகே பழையதில் கை வையுங்கள். கூகுள் தரும் 10 பேக்கப் குறியீடுகளை அந்தக் கொப்பியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உள்நுழையும் குறியீடுகளைத் தரும் ஓதென்டிகேட்டர் ஆப் வைத்திருந்தால் அதையும் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லா அக்கவுண்டும் எடுத்தாயிற்று, வங்கி ஆப்களிலிருந்தும் வெளியேறியாயிற்று என்றால், சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள், கார்டில் உள்ள படங்களுக்கும் அக்கவுண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அவை அப்படியே அடுத்தவர் கைக்குப் போகும். அப்புறம் செட்டிங்ஸுக்குள்ளிருந்தே ரீசெட் கொடுங்கள், பட்டன் பிடித்து அல்ல. கூகுள் பாஸ்வேர்டை அன்றைக்குத்தான் மாற்றியிருந்தால் 24 மணித்தியாலம் விட்டுச் செய்யுங்கள். போன் திரும்ப எழும்பியதும் உடனே பையில் போட்டுக் கொடுத்துவிடாமல், வீட்டு வைஃபையில் இணைத்து இரண்டு, மூன்று திரை முன்னால் போய்ப் பாருங்கள். பழைய மெயிலைக் கேட்காமல் புதிய அக்கவுண்டைக் கேட்கும் இடம் வந்தால், அங்கேயே ஓஃப் செய்து கொடுக்கலாம்.