பழைய ஒமேகா வாங்கப் போகிறீர்களா? டயலில் ஆரம்பியுங்கள்

என் முதல் பழைய ஒமேகா வாட்ச், அறுபதுகளின் சீமாஸ்டர் மாடல். பளபளவென்ற டயலில்தான் மயங்கினேன். அத்தனை வருடம் ஓடிய வாட்சின் முகம் மட்டும் நேற்று அச்சடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரி எப்படி இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. பழைய பெயிண்டை எடுத்துவிட்டு மறுபடி அச்சடித்த ரீடயல் அது. கொடுத்த காசில் பாதிகூடத் திரும்பாது என்றார் ரிப்பேர்க்காரர்.

படி 1: டயலை நேராக எடுத்த படமும், பின்மூடியைத் திறந்து மெஷினை எடுத்த படமும் கேளுங்கள். மெஷின் படம் தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

படி 2: இங்கேதான் நான் விழுந்தேன், அதனால் நிதானமாக. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். போன் கேமராவை நம்பாதீர்கள். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். மை கசிந்து தடித்திருந்தால் சரியில்லை. பதித்த மணிக்குறிகளுக்கு நேராக நிமிடக் கோடுகள் வருகின்றனவா? ரீடயலில் இது அடிக்கடி தப்பும். கீழே ‘ஸ்விஸ் மேட்’ என்பதன் இரு பக்கமும் ஆங்கில ‘டி’ எழுத்து இருந்தால், இருட்டில் ஒளிர டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சு பூசியது என்று அர்த்தம். ‘டி’ இருந்து, முள்ளிலும் டயலிலும் பூச்சே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், சுமார் 12 வருடம்தான். அறுபதுகளின் பூச்சு இன்றும் ஜொலித்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள்.

லேசாக மஞ்சள் ஏறி, ஒரே சீராக வயதான டயலைத்தான் இப்போது தேடுகிறேன்.

படி 3: மெஷின் மேல் உள்ள எண்ணைப் பாருங்கள். 2 கோடியே 40 லட்சத்தை ஒட்டி இருந்தால் 1966 வாக்கில் செய்தது. பின்மூடிக்குள் இருப்பது கேஸின், அதாவது வாட்சின் வெளிக்கூட்டின், மாடல் எண். அதை வைத்து வயதைக் கணக்கிடாதீர்கள். 552 அல்லது 565 என்று மெஷினில் இருந்தால் எனக்குப் பிடித்த வகை. 552-இல் தேதி இல்லை, 565-இல் உண்டு. செம்பு நிறத்தில் மின்னும் அந்த ஆட்டோமேட்டிக் மெஷினை ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் இந்தக் கிறுக்கு விடாது.

படி 4: வாங்கியதும் சர்வீஸ். எண்ணெய் காய்ந்த மெஷினை ஓடவிட்டால் பல்சக்கரம் தேயும்.

பின்சேர்க்கை: ஒரு வாசகர் சீமாஸ்டர் டிவில்லின் பின்மூடியைக் கத்தியால் நெம்பிக் கீறிவிட்டதாக எழுதியிருந்தார். அந்த வரிசையில் பல வாட்சுகளுக்குத் தனியாகப் பின்மூடியே கிடையாது. கேஸ் ஒரே துண்டு, கிளாஸை எடுத்து முன்பக்கமாகத்தான் மெஷினை வெளியே எடுக்க வேண்டும். அதை ரிப்பேர்க்காரரிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொருவர் கேட்டார், அந்த ரீடயலை என்ன செய்தீர்கள் என்று. விற்கவில்லை. சந்தேகமான டயல் வந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட அதுதான் கைகொடுக்கிறது.