பெயரை மாற்றினால் போதுமா? பிணக்கு மேலாண்மை முதுகலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் அக்கம்பக்கத் தகராறுகளில் தொண்டூழியச் சமரசராக உட்காருபவன் நான். பிணக்கு மேலாண்மையில் முதுகலையும் முடித்தவன். அதனால் மாலை வகுப்பில் படிக்கும் தம்பி தங்கைகள் ஆய்வேட்டு வரைவைக் கையில் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள். என் காலத்துக் கோளாறுகள் அப்படியே திரும்பி வருகின்றன. மேற்கோள் குறிக்க மறப்பது, கடைசி வாரத்தில் எழுத உட்காருவது போன்றவை எல்லாப் படிப்புக்கும் பொது என்பதால் விட்டுவிடுகிறேன்.

சமரச அறையை ஆய்வுக்களமாக நினைப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு மாணவர் சமரச அமர்வொன்றில் பார்வையாளராக இருந்தார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில், மேல்வீட்டு மூங்கில் கழியிலிருந்து கீழ்வீட்டுத் துணியில் ஈரம் சொட்டிய வழக்கு. அதையே ஓர் அத்தியாயமாக எழுதிவிட்டார். பெயர்கள் ‘திரு. அ’, ‘திருமதி ஆ’. ஆனால் திரு. அ தேக்காவில் பூக்கடை வைத்திருக்கிறார், தைப்பூசத்துக்குக் காவடிக் குழு நடத்துகிறார், மகள் வானொலியில் பேசுகிறார் என்றெல்லாம் இருந்தது. இரண்டாம் பக்கம் முடிவதற்குள் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. அந்த அமர்வில் நான் இருந்ததுகூட இல்லை.

“பெயரே இல்லையே, ஐயா” என்றார்.

“பூக்கடை இருக்கிறதே, தம்பி.”

சமரசத்தில் பேசியதை வெளியிடக் கூடாது என்ற விதியிலிருந்து 2017ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் ஆய்வுக்கும் கல்விக்கும் விலக்கு அளிக்கிறது. அந்தச் சொல்லைக் கண்டதும் பலர் வாசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சம்பந்தப்பட்டவர் யாரென்று நேரடியாகவோ மறைமுகமாகவோ தெரியக்கூடாது என்ற நிபந்தனையும் அங்கேயே இருக்கிறது. சமூக சமரச நிலையத்துக்கோ தனிச் சட்டம். அதிலும் இரகசியக் காப்பு உண்டு. சென்னையில் பூக்கடைக்காரர் என்றால் ஆயிரத்தில் ஒருவர். இங்கே நம்மவர் வட்டத்தில் தொழிலையும் கோயிலையும் சேர்த்துச் சொன்னால் முகவரியே கொடுத்த மாதிரி.

இன்னொன்று, சமரசத்துக்கு வரச் சம்மதித்தவர் ஆய்வுக்கும் சம்மதித்ததாக ஆகாது. ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதி தருவதற்கு முன் திரட்டிய தகவல் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். இந்த மாணவருக்கும் அத்தியாயம் போனது. ஒரு பருவம் தள்ளிப்போனது. கட்டணம் மறுபடி கட்டினார். அது அவர் பாடு. பேச்சு அறைக்கு வெளியே போகாது என்று நம்பி வந்த இரண்டு குடும்பங்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் தணிய மறுக்கிறது.

அனுமதி விண்ணப்பத்தை முதல் பருவத்திலேயே போடுங்கள். வழக்கைப் பற்றிக் கேட்காமல், சமரசர்களிடம் அவர்கள் தொழில்நுணுக்கத்தைக் கேளுங்கள். வெளியான நீதிமன்றத் தீர்ப்புகளும் இருக்கின்றன.

கறிச் சண்டையைத் தவறாகச் சொல்வது

2011இல் ஊரே பேசிய வழக்கு. சமரசம் நடந்தது அதற்குச் சில ஆண்டுகள் முன்பு. கறி வாசனை பொறுக்காமல் முறையிட்ட, சீனாவிலிருந்து வந்த குடும்பம் வீட்டில் இல்லாதபோது மட்டும், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பம் கறி சமைப்பது, அவர்களும் அதைச் சுவைத்துப் பார்ப்பது என்று உடன்பாடு. “கறி சமைக்கக் கூடாதென்று சமரசர் தீர்ப்பளித்தார்” என்று எழுதுகிறார்கள். சமரசர் தீர்ப்பளிப்பதே இல்லை. அந்த யோசனை இரு குடும்பத்தாரிடமிருந்தே வந்ததென்று சட்ட அமைச்சு அப்போதே விளக்கியிருக்கிறது. சினத்தில் படித்த செய்தியைச் சினம் ஆறியபின் இன்னொரு முறை படிக்க வேண்டும்.

ஈழம் முழுவதையும் ஓர் ஆய்வேட்டில் அடக்குவது

நம் பிள்ளைகளுக்கு அந்த ஆசை இயல்பு. நார்வேயின் அனுசரணையில் 2002 பிப்ரவரியில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர்நிறுத்த உடன்பாடு; அதன்பின் 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹக்கோனே வரை ஆறு சுற்றுப் பேச்சு. ஒரே ஒரு சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கே பக்கம் போதாது.

தாமஸ்-கில்மன் ஐந்து பாணிகள்

பிணக்கு வந்தால் தான் எப்படி நடந்துகொள்கிறேன் என்று ஒருவர் தன்னைத் தானே அளந்துகொள்ளும் வினாத்தாள் அது; ‘தவிர்ப்பது’ அதன் ஐந்து பாணிகளில் ஒன்று. வழக்குக்கு வந்த அம்மாள் நெற்றியில் ‘தவிர்ப்பவர்’ என்று ஒட்டாதீர்கள்.

பட்டம் வாங்கினால் சமரசர்

ஆக முடியாது. அதற்குத் தனிப் பயிற்சியும் தரச்சான்றும் வேண்டும்.