குமரியில் நண்பர்கள் சேர்ந்து நிலம் வாங்கிக் குடியேற: நிலமும் பத்திரமும் பார்ப்பது எப்படி

ஓய்வு பெற்ற பிறகு ஐந்தாறு நண்பர்கள் ஒரே விளையில் (குமரியில் மேட்டுத் தோட்ட நிலத்தை விளை என்போம்) ஆளுக்கொரு வீடும் பொதுவாக ஓர் அடுக்களையுமாக வாழ நினைத்தால், தரகரைக் கூப்பிடுவதற்கு முன் பரப்பளவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வயதான இருவருக்குத் தரைத்தள வீடும் சின்ன முற்றமும் 8 சென்டில் தாராளமாக அடங்கும். ஐந்து வீட்டுக்கு 40 சென்ட். வழி, கிணறு, பொது அடுக்களைக்கு 15 சென்ட். தென்னைக்கும் காய்கறிக்கும் 30 சென்ட் போதும், அதற்கு மேல் வாங்கினால் தேங்காய் வெட்ட ஆள் தேடியே ஓய்வுக்காலம் போய்விடும். ஆக, 85 சென்ட் முதல் ஒரு ஏக்கருக்குள் தேடுங்கள்.

பலரும் மயங்குவது மலையடிவாரத்துப் பச்சையைப் பார்த்துத்தான். கல்குளம், விளவங்கோடு, திருவட்டார், தோவாளை வட்டங்களின் மலையோரக் கிராமங்கள் சில மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகின்றன. தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் (1949) சில சர்வே எண்களைத் தொடுகிறது. வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டிய இடமென்றால் கட்டுப்பாடு இன்னும் கூடும். அங்கே ரப்பர் வளர்க்கலாம், வீடு கட்டத்தான் அனுமதிக்கு அலைய வேண்டும். கடற்கரையோரம் உப்புநீரும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் ஓர் இரவு தங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தக்கலை, திருவட்டார், மார்த்தாண்டத்துக்கு இடைப்பட்ட மேட்டு விளைகளே முதியவர்களுக்கு ஏற்றவை என்பது எங்கள் கருத்து. நெய்யூரிலும் ஆசாரிபள்ளத்திலும் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள். மாலை ஆறு மணிக்கு மார்த்தாண்டத்தைக் கடந்து கார் ஓட்டி நேரத்தைப் பாருங்கள்.

ஏலாவை, அதாவது தாழ்ந்த நெல்வயலை, மண்ணடித்து மேடாக்கி 'தோட்டம்' என்று விற்பது இங்கே வழக்கம். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் நஞ்சை என்று இருந்தால் எவ்வளவு மேடாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கட்டட அனுமதி இழுத்தடிக்கும், 2021 நவம்பரில் பெய்தது போல ஒரு மழை வந்தால் தண்ணீர் பழைய இடத்தைத் தேடி வரும். கிணற்றைப் பார்க்க ஒரு தந்திரம் தெரிந்திருக்க வேண்டும்: பேச்சிப்பாறை அணையின் சானலில் (பாசனக் கால்வாயில்) தண்ணீர் ஓடும் மாதங்களில் பக்கத்துக் கிணறெல்லாம் நிரம்பித்தான் நிற்கும். சானல் அடைத்தபின் ஏப்ரலில் போய்ப் பாருங்கள். ஒரு பகல் மோட்டார் ஓட்டிவிட்டு, மறுநாள் காலையில் எத்தனை அடி ஊறியிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்க நல்லது.

பத்திரம் பார்ப்பதில் குமரிக்கென்று சில சிக்கல்கள் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் மூலப்பத்திரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கலாம். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும், ஆவணி முதல் டிசம்பர் முடிய என்றால் 824. மலையாளம் படிக்கத் தெரிந்த பழைய ஆவண எழுத்தரிடம் வரி வரியாக வாசித்துக் கேளுங்கள். ஒற்றி (நிலத்தை அனுபவத்துக்குக் கொடுத்து வாங்கிய அடமானம்) மீட்டதற்கான ரசீதுப் பத்திரம் இல்லாமல் கைமாறிய விளைகள் உண்டு. வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும், அதற்கு முந்தையது அங்கே இல்லையென்றால் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கேட்டுத் தேட வேண்டும்.

இதைவிடப் பெரியது பெண் பிள்ளைகளின் பங்கு. சீதனம் கொடுத்தாயிற்று என்று மகள்களை விட்டுவிட்டு ஆண்மக்கள் மட்டும் பாகம் பிரித்த கிறிஸ்தவக் குடும்பச் சொத்துகள் இங்கே ஏராளம். மகள்களைச் சீதனத்தோடு ஒதுக்கிய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1951 முதலே செல்லாது என்று 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே 1951-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தென்றால், எல்லா மகள்களும், இறந்த மகள்களின் பிள்ளைகளும் கையெழுத்திட வேண்டும். "அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டா" என்ற வாக்குறுதியை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். வளைகுடாவில் இருப்பவர் தன் சார்பில் கையெழுத்திட பவர் (அதிகாரப் பத்திரம்) அனுப்பினால், அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட்டதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் பவரும் செத்துவிடும்.

கய்யாலையை (நிலத்தைச் சுற்றிய மண் சுவரை) எல்லை என்று நம்பக் கூடாது. உரிமம் பெற்ற சர்வேயரை வைத்துப் புல வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கல் நடுங்கள். பட்டாவில் ஏர் கணக்கில் இருக்கும், ஒரு ஏர் 2.47 சென்ட். வழியைப் பற்றிப் பத்திரத்தில் 'நடைவழி' என்று மட்டும் இருந்தால் ஆம்புலன்ஸ் வராது. அகலம் அடிக்கணக்கில் எழுதப்பட்டிருக்க வேண்டும், வழி யார் பட்டாவில் இருக்கிறதோ அவரே பதிவு செய்து கொடுக்க வேண்டும். 12 அடிக்குக் குறைந்தால் வாங்காதீர்கள்.

இனி யார் பெயரில் வாங்குவது? எல்லோர் பெயரிலும் பிரிவுபடாத பாகமாக ஒரே பத்திரம் போடுவது முதல் நாளில் சுலபம். பத்து வருடம் கழித்து ஒருவர் இறந்து, அவர் மகன் வெளிநாட்டிலிருந்து பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் மற்ற எல்லா வீடுகளும் வழக்கில் சிக்கும். அப்போது பிரித்துக்கொள்ளலாம் என்றால், குடும்பத்தாருக்கு உள்ள முத்திரைத் தீர்வைச் சலுகை நண்பர்களுக்குக் கிடையாது. வீட்டு மனைகள் தனித்தனிப் பத்திரம், வழியிலும் கிணற்றிலும் அடுக்களையிலும் மட்டும் சம பாகம் என்ற ஏற்பாடே நல்லது. ஆனால் அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிவு செய்ய மாட்டார்கள். 8 மனை வரை உட்பிரிவு, அதற்கு மேல் மனைப்பிரிவு. விற்பவர் பெயரிலேயே அங்கீகாரம் வாங்கிய பிறகு கிரயம் முடியுங்கள். பிள்ளைகள் இல்லாதவர்கள் அதிகமுள்ள குழுவென்றால் 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் சேர்ந்து சங்கமாகவே வாங்கலாம், நிலம் வாரிசுக்குப் போகாது.

கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும்.

கூடவே ஓர் ஒப்பந்தமும் எழுதிப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் வரும், பிறகு வாங்குபவர் தெரியாது என்று சொல்ல முடியாது. விற்க நினைப்பவர் முதலில் மற்றவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், 90 நாள் தவணை. விலையை இரண்டு மதிப்பீட்டாளர்களின் சராசரியாக வையுங்கள். அரசின் வழிகாட்டி மதிப்பு என்று எழுதினால் வாரிசுகள் ஒப்பவே மாட்டார்கள். பணம் கட்ட ஒரு வருடம். வாடகைக்கு விடலாமா, படுக்கையில் விழுந்தவருக்கு வைத்த ஆளின் சம்பளம் யார் பொறுப்பு, மாதாந்திரப் பொதுச் செலவை ஒருவர் நிறுத்தினால் என்ன செய்வது, இவையும் அதில் இருக்கட்டும்.

வீடு கட்டும்போது கழிவுநீர்த் தொட்டி கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி, சரிவில் கிணற்றுக்குக் கீழே இருக்க வேண்டும். கதவுகள் 3 அடி அகலம். வாசலில் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம், அதன் மேல் கூரை. இங்கே இரண்டு பருவமழையும் பெய்யும், பாசி பிடித்த சாய்தளம் படியைவிட ஆபத்து.