206ஐப் பிரிக்கும்போது வரும் பிழைகள்

மனித உடலின் அச்சு வன்கூட்டில் (தலை, முள்ளந்தண்டு, நெஞ்சறை) 80 என்புகள், அதாவது எலும்புகள்; தூக்க வன்கூட்டில் (கை கால்களும் அவற்றை அச்சோடு தொடுக்கும் தோள், இடுப்பு வளையங்களும்) 126, மொத்தம் 206. இலங்கையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது மனப்பாடம். அச்சு என்புகளை ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டச் சொன்னால்தான் 79 வரும், இல்லையென்றால் 82 வரும்.

82 எங்கிருந்து வருகிறது? தோட்பட்டை என்பு இரண்டும் விலாக்கூட்டின் முதுகுப்புறத்தில் கிடப்பதால் அவற்றை நெஞ்சறையோடு சேர்த்து அச்சுக்குள் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் தோட்பட்டை எந்த விலா என்போடும் மூட்டுக் கொள்வதில்லை; தசைகள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. கையை அச்சோடு தொடுக்கும் ஒரே என்பு மூட்டு, காறை என்பு (கழுத்தடியில் தோள்வரை போவது) மார்புப்பட்டையை (நடுநெஞ்சு என்பு) சந்திக்கும் இடம். தொண்டைக்குழிக்கு இரு பக்கமும் விரலை வைத்துத் தோளைத் தூக்கிப் பாருங்கள், காறையின் முனை அசைவது தெரியும். கோடு அங்கேதான் விழவேண்டும்: மார்புப்பட்டை அச்சு, காறையும் தோட்பட்டையும் தூக்க வன்கூடு.

இடுப்பில் பிழை மறுபக்கமாக வரும். இடுப்புக்குழியின் பின்சுவராக நிற்பதால் திருவென்பை இடுப்பு வளையத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அது ஐந்து முள்ளந்தண்டென்புகள் ஒட்டி உருவானது, அச்சுக்கே சொந்தம். வளையத்துக்கு உரியவை இடுப்பென்புகள் இரண்டு மட்டுமே. ஒவ்வொன்றும் மூன்று பகுதிகள் ஒட்டியது என்பதற்காக 6 என்று எண்ணக்கூடாது. முள்ளந்தண்டிலும் இதே விதிதான்: கழுத்தில் 7, நெஞ்சில் 12, நாரியில் (கீழ்முதுகு) 5, திருவென்பு 1, குயிலலகு (முள்ளந்தண்டின் கடைசி நுனி) 1, ஆக 26. ஒட்டுவதற்கு முந்திய 33ஐ இந்தக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள்.

தலையில் மண்டையோடு 22, காதுச் சிற்றென்புகள் 6, நாவடி என்பு 1. நாவடி வேறெந்த என்போடும் மூட்டுக் கொள்ளாததால் பலருக்கு அது மறந்துபோகும். 79 வந்தால் முதலில் அதைத் தேடுங்கள். மண்டையோடு 28 என்றிருக்கும் குறிப்பில் காதென்புகள் ஏற்கெனவே அடக்கம். பற்கள் என்புகள் அல்ல.

உருவத்தை வைத்துப் பிரிப்பது முற்றிலும் வேறு கணக்கு. சுண்டுவிரல் நுனியிலுள்ள சின்ன என்பு நீள என்பு. அதைவிடப் பல மடங்கு நீண்ட விலா தட்டை என்பு. தண்டும் இரு முனைகளும் இருக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும், அடிமட்டம் வேண்டாம்.

தமிழ்நாட்டுப் பாடங்களை இணையத்தில் பார்த்துப் படிப்பவர்களுக்கு: அவர்களின் அச்சுச் சட்டகம் நமது அச்சு வன்கூடு, இணையுறுப்புச் சட்டகம் நமது தூக்க வன்கூடு. அமெரிக்க மிஷன் மருத்துவரான கிறீன் வைத்தியர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த மண் இது, சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரே விடைத்தாளில் இரு நாட்டுச் சொற்களையும் கலக்காதீர்கள்.

கை ஒன்றில் 30, கால் ஒன்றில் 30 என்பதால் ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதுவதும் நடக்கிறது. மணிக்கட்டில் 8 என்புகள், கணுக்காலில் 7. குறையும் ஒன்றை நிரப்புவது முழங்காற்சில்லு.