ஆல் வீல் டிரைவ் காருக்கு ஆல் சீசன் டயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில் ஆல் வீல் டிரைவ் கார் வாங்குகிறவர்களில் பலர், எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போவதால் எந்த டயரைப் போட்டாலும் பனிக்காலத்தை ஓட்டிவிடலாம் என்று நம்பிவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இந்த நம்பிக்கையிலிருந்தே கிளைக்கின்றன. வண்டி புறப்படும்போதும் மேடேறும்போதும் ஆல் வீல் டிரைவ் உதவுவது உண்மைதான். ஆனால் பிரேக் எந்தக் காரிலும் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் வேலையில் ஆல் வீல் டிரைவ் கூடுதலாக எதுவும் தருவதில்லை. போதாக்குறைக்கு, சறுக்காமல் எளிதாகப் புறப்பட்டுவிடுவதால் சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பது முதல் பிரேக்கை மிதிக்கும்வரை ஓட்டுகிறவருக்குத் தெரிவதேயில்லை.

ஆல் சீசன் என்ற பெயரை அப்படியே எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. இத்தகைய டயர்களில் காணப்படும் எம்+எஸ் குறி சேற்றையும் பனியையும் சுட்டுவது. சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகளான பட்டன்களும் அவற்றுக்கிடையே உள்ள பள்ளங்களும் குறிப்பிட்ட அமைப்பில் இருந்தாலே தயாரிப்பாளர் அதைப் பொறித்துக்கொள்ளலாம், பனியில் ஓட்டிச் சோதித்திருக்க வேண்டியதில்லை. மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னமோ, பனியில் இழுவைச் சோதனையில் தேறிய டயருக்கே உரியது. கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இச்சின்னமுள்ள டயரோ ஆணி பதித்த டயரோ சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் அத்தகைய கட்டாயம் இல்லை. குளிர்கால டயர் போடுகிறவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணச் சலுகை தர வேண்டும் என்ற விதி மட்டும் 2016 முதல் உண்டு. சட்டம் கேட்கவில்லை என்பதால் தேவையில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போதே சாதாரண ஆல் சீசன் டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. பனி உடனுக்குடன் அகற்றப்படும் டொரொண்டோ நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு, பனித்துகள் சின்னம் பெற்ற ஆல் வெதர் டயரை ஆண்டு முழுவதும் வைத்திருப்பது நியாயமான சமரசம் என்பேன். வாரந்தோறும் வடக்கே பயணிக்கிறவர் தனியாக ஒரு குளிர்கால செட் வாங்குவதே நல்லது.

செலவு மிகுந்த தவறு ஒன்று உண்டு. ஒரு டயரின் பக்கவாட்டில் ஆணி ஏறிவிட்டால் அதைப் பஞ்சர் ஒட்ட முடியாது. உடனே அந்த ஒன்றை மட்டும், அல்லது ஜோடியாக இரண்டை மட்டும் மாற்றிவிடுவது முன்சக்கர இழுவைக் காரில் வழக்கம். ஆல் வீல் டிரைவ் காரில் இது வேறு விதமாக முடியும். புதிய டயரின் பட்டன் 8 மி.மீ. உயரமும் மற்ற மூன்றும் தேய்ந்து 5 மி.மீ. உயரமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆரத்தில் 3 மி.மீ. வித்தியாசம் என்றால் கணக்குப்படி சுற்றளவில் ஏறத்தாழ 19 மி.மீ. வித்தியாசம். சுபாரு நிறுவனம் தன் கார்களுக்கு அனுமதிப்பது கால் அங்குலம், அதாவது 6.4 மி.மீ. மட்டுமே. அளவு பொருந்தாத டயருடன் ஓடும் கார், நேர்ச்சாலையிலும் ஓயாமல் வளைவில் திரும்பிக்கொண்டிருப்பதைப் போல நடந்துகொள்கிறது; முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல, அவற்றை இணைக்கும் கிளட்ச் சூடேறித் தேய்கிறது. அதைச் சரிசெய்யும் செலவு நான்கு புதிய டயர்களின் விலையை எளிதில் தாண்டிவிடும். நான்கையும் மாற்ற மனமில்லாதவர்கள், அதே மாதிரி டயர் ஒன்றை வாங்கி, பழையவற்றின் உயரத்துக்குச் சீவித் தரும் கடையை நாடலாம். புதிய டயரைச் சீவுவதா என்று மனம் பதைக்கும். ஆனாலும் வேலை சரியாக நடக்கும்.

டயர்களை 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றிப் போடச் சொல்வதும் தேய்மானம் ஒரே சீராக இருப்பதற்குத்தான். வாங்கும்போது 225/60ஆர்18 என்ற அளவை மட்டும் பார்த்து, அதை அடுத்து வரும் 100எச் போன்ற குறியைக் கவனிக்காமல் விடுவதும் பிழை; 100 என்பது ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்பதையும், எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வேக வரம்பையும் காட்டுகின்றன. பக்கவாட்டில் ‘ட்ரெட்வேர்’ என்று பொறித்த தேய்மான எண்ணை வைத்து இரு நிறுவனங்களின் டயர்களை ஒப்பிடுவதில் பெரிய பயனில்லை. அது தயாரிப்பாளர் தன் டயருக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்.

காற்றழுத்தத்தில் நடக்கும் முதல் தவறு, எண்ணைத் தவறான இடத்தில் பார்ப்பது. டயரின் பக்கவாட்டில் 44 அல்லது 51 பிஎஸ்ஐ என்று பொறித்திருப்பது அந்த டயருக்கான உச்சவரம்பு. உங்கள் காருக்கு உரிய அளவு, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது. முன்னால் 35, பின்னால் 33 என்பதைப் போல அதில் இரண்டு எண்கள் இருக்கலாம். கடைகளில் நான்கிலும் ஒரே அளவாகப் பிடித்துவிடுகிறார்கள். டயர்களை இடம் மாற்றிய பிறகும் பழைய காற்று அப்படியே இருந்துவிடுகிறது. இரண்டு நேரத்திலும் சீட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

சீட்டில் இருப்பது குளிர்ந்த டயருக்கான அளவு, அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு பார்க்க வேண்டியது. ஓடிச் சூடேறிய டயரில் காற்று கூடித் தெரிவது இயல்பு; அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாகத்தான் இருக்கும். வெப்பநிலை ஒவ்வொரு 5.6 டிகிரி குறையும்போதும் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ குறைகிறது. 20 டிகிரி சூட்டில் இருக்கும் கராஜில் 33 பிஎஸ்ஐ பிடித்துவிட்டு, வெளியே மைனஸ் 15 டிகிரியில் வண்டியை நிறுத்தினால் அது 27 அளவுக்கு இறங்கிவிடும். அப்போதும் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்கலாம், ஏனெனில் அமெரிக்க விதி அந்த விளக்கை எரியச் சொல்வது அழுத்தம் 25 சதவீதம் குறைந்த பிறகுதான். 33க்கு அது 25ஐ ஒட்டி வரும். விளக்கை நம்பி இருப்பதைவிட, மாதம் ஒருமுறை சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக் காலையில் பார்த்துவிடுவது மேல். பனியில் பிடிப்பு கூடும் என்று வேண்டுமென்றே காற்றைக் குறைப்பதும், எரிபொருள் மிச்சமாகும் என்று ஏற்றிப் பிடிப்பதும் தார்ச்சாலைக்கு ஒத்துவராதவை. நைட்ரஜனுக்குத் தனியாகப் பணம் கொடுப்பதும் அவசியமில்லை. சாதாரணக் காற்றிலேயே அது 78 சதவீதம் இருக்கிறது.

பலரும் மறப்பது டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியை. தற்காலிகப் பயன்பாட்டுக்கான சிறிய ஸ்டெப்னிக்கு 60 பிஎஸ்ஐ தேவைப்படும். அளவில் மற்றவற்றோடு பொருந்தாத அது, ஆல் வீல் டிரைவ் காரில் கையேடு சொல்லும் அச்சில் மட்டும், அதில் குறித்த வேகத்துக்குள், அருகிலுள்ள டயர் கடைவரை போவதற்கு மட்டுமே.