சிவப்பு என்று பொருள்படும் ஆண் குழந்தைப் பெயரை நீங்களே தேடி உறுதிசெய்வது எப்படி?

அக்காவுக்கு மகன் பிறந்தபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "சிவப்பு நிறத்தைக் குறிக்கிற மாதிரி ஒரு பேர் பாரு." அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், மூன்று வாரம் ஆனது. இணையத்தில் கிடைத்த பட்டியல்களில் பாதிப் பெயர்களுக்குப் போட்டிருந்த பொருள் தவறு. 'ரோகன்' என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்ட பிறகுதான், அதற்கும் சிவப்புக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தது. அந்தத் தேடலில் நான் கற்ற முறையை அப்படியே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எந்தச் சிவப்பு என்று முடிவுசெய்யுங்கள்

விடியலின் சிவப்பு, தீயின் சிவப்பு, மாலை வானத்தின் சிவப்பு, மணியின் சிவப்பு என்று பல உண்டு. விடியல் என்றால் அருணன் பக்கம் போகலாம். தீ என்றால் செந்தழல், செஞ்சுடர். மாலை வானம் என்றால் அந்திவண்ணன். மணி என்றால் மாணிக்கம், பவளன். இதைத் தீர்மானித்துவிட்டால் தேட வேண்டிய சொற்கள் பாதியாகக் குறைந்துவிடும்.

படி 2: அகராதியைத் திறந்து வையுங்கள்

பெயர்ப் பட்டியல் தளங்களையும் செயலிகளையும் யோசனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பொருளுக்கு அவற்றை நம்பவே வேண்டாம். ஒன்றில் இருக்கிற பிழையைத்தான் மற்றது படியெடுத்துப் போடுகிறது.

தமிழ்ப் பெயர்களுக்கு நான் பயன்படுத்துவது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். வடமொழிப் பெயர்களுக்கு மோனியர் வில்லியம்ஸ் அகராதி. இந்த இரண்டும் போதும்.

படி 3: 'செம்மை' வடிவம் மாறுவதைப் புரிந்துகொள்ளுங்கள்

நான் அதிக நேரம் தடுமாறியது இங்கேதான். 'செம்' என்று தொடங்கும் சொற்களை மட்டும் தேடிக்கொண்டே இருந்தேன். ஏழெட்டுப் பெயர்களுக்கு மேல் கிடைக்கவில்லை. பிறகுதான் பள்ளியில் படித்த புணர்ச்சி விதி நினைவுக்கு வந்தது. அடுத்து வரும் எழுத்தைப் பொறுத்து 'செம்மை' தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும்.

க வந்தால் செங்: செங்கதிர்.
ச வந்தால் செஞ்: செஞ்சுடர்.
த, ந வந்தால் செந்: செந்தழல், செந்நிலவன்.
ப, ம வந்தால் செம்: செம்பரிதி, செம்மலர்.
வ அல்லது உயிரெழுத்து வந்தால் செவ்: செவ்வேள், செவ்விதழ்.

இவற்றோடு 'சே' என்று நீளும் வடிவமும் உண்டு. 'சேவடி' என்றால் சிவந்த அடி. 'சேத்தல்' என்றால் சிவத்தல். சேய், சேயோன், சேந்தன் எல்லாம் இந்தப் பக்கம் தேடினால்தான் அகப்படும். ஆறு வடிவங்களையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். என் பட்டியல் ஒரே மாலையில் நாற்பதைத் தாண்டியது.

இதே விதியை வைத்துப் புதிய பெயரையும் ஆக்கலாம். பிடித்த ஒரு சொல்லை எடுத்து முன்னால் 'செம்மை'யைச் சேருங்கள். கதிரோன் செங்கதிரோன் ஆகிறான். ஞாயிறு செஞ்ஞாயிறு ஆகிறது. சேர்த்தபின் வாயால் நாலு தடவை சொல்லிப் பாருங்கள். நாக்கு இடறினால் விட்டுவிடுங்கள்.

படி 4: சிவப்பா, நேர்மையா என்று சோதியுங்கள்

செம்மைக்கு இரண்டு பொருள். ஒன்று சிவப்பு, இன்னொன்று நேர்மை, சிறப்பு. பட்டியல் தளங்கள் இதைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை. 'செ' என்று தொடங்கினாலே சிவப்பு என்று எழுதிவிடுகின்றன.

நான் செய்யும் சோதனை எளியது. பெயரின் முன்பாதியை எடுத்துவிட்டு அங்கே 'சிவந்த' என்று வையுங்கள், பிறகு 'நேரான' என்று வையுங்கள். எது பொருந்துகிறதோ அதுதான் பொருள். சிவந்த கதிர் பொருந்துகிறது, ஆகவே செங்கதிர் சிவப்பு. 'சிவந்த தமிழ்' பொருந்தாது, ஆகவே செந்தமிழன் சிவப்பு அல்ல. செங்கோல் என்பது வளையாத கோல், நேர்மையான ஆட்சி. ஆகவே செங்கோலனும் இந்தப் பட்டியலில் வராது.

சில பெயர்களில் இரண்டும் பொருந்தும். செங்குட்டுவன் அப்படித்தான். சேர அரசனின் பெயர் என்ற பெருமைக்காக வைப்பதானால் தாராளமாக வைக்கலாம். சிவப்பு மட்டுமே நோக்கம் என்றால் வேறு பாருங்கள்.

முழுக்கவே ஏமாற்றும் பெயர்களும் உண்டு. செம்பியன் என்பது சோழரின் பட்டப்பெயர். சிபிச் சக்கரவர்த்தியின் வழிவந்தவர் என்ற பொருளில் வந்தது என்பார்கள், செம்பும் இல்லை, சிவப்பும் இல்லை. செழியன் செழுமையிலிருந்து வந்த பெயர். செம்மல் என்றால் பெருமைக்குரியவன். மூன்றும் அழகான பெயர்கள், ஆனால் நாம் தேடுவது அவை அல்ல. செந்தில் ஊரின் பெயராகத்தான் முதலில் வருகிறது. திருச்செந்தூருக்கு அது பழைய பெயர், அங்கிருந்து முருகனுக்கும் ஆனது.

படி 5: ல, ள வேறுபாட்டைப் பாருங்கள்

எங்கள் வீட்டில் கண்ணீர் வரவழைத்த படி இது. அக்காவுக்குச் 'செவ்வேள்' மிகவும் பிடித்திருந்தது. நான் குறித்துக் கொடுத்த தாளில் அவசரத்தில் 'செவ்வேல்' என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்தே எல்லாருக்கும் செய்தி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டுமே சிவப்புதான், ஆனால் ஒன்றல்ல. செவ்வேல் என்றால் சிவந்த வேல், ஆயுதம். செவ்வேள் என்றால் சிவந்த வேள், அதாவது முருகன். பரிபாடலில் செவ்வேளுக்கென்றே தனிப் பாடல்கள் உண்டு. மன்மதனைக் கருவேள் என்றும் முருகனைச் செவ்வேள் என்றும் சொல்வது பழைய வழக்கு. ஒரு எழுத்து மாறினால் கடவுள் போய்க் கருவி வந்துவிடுகிறது. எல்லாருக்கும் மறுபடி செய்தி அனுப்பித் திருத்த வேண்டியிருந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தயவுசெய்து பெயரை எழுதிக் கொடுப்பதற்கு முன் இன்னொருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த இரண்டும் ஒன்றுபோலவே ஆகிவிடும். அதனால் தமிழ் வடிவத்தை முதலில் உறுதிசெய்யுங்கள், ஆங்கில எழுத்துக்கூட்டல் பிறகு.

படி 6: வடமொழிப் பெயர்களுக்கும் இதே கவனம் வேண்டும்

அருண் சந்தேகமில்லாமல் சிவப்பு. விடியலின் செந்நிறம் அது, சூரியனின் தேரோட்டிக்கும் பெயர். அருணாசலம், அருணகிரி இரண்டுக்கும் செம்மலை என்றே பொருள்.

ரோகித் என்றாலும் சிவப்புதான். ரோகன் அப்படியில்லை. அது மேலே ஏறுதல் என்ற வேறொரு வேரிலிருந்து வருகிறது. எழுத்து ஒன்றுபோல இருப்பதால் பட்டியல்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன.

லோகித் என்பதும் ரோகித்தின் இன்னொரு வடிவம்தான். அரிச்சந்திரன் மகனை நினைத்துக்கொள்ளுங்கள்: வடமொழியில் ரோகிதன், தமிழில் நாம் சொல்வது லோகிதாசன். ர, ல இரண்டும் அங்கே ஒன்றுக்கொன்று மாறி வந்திருக்கின்றன.

அங்காரகன் செவ்வாய்க் கோளின் பெயர். 'அங்காரம்' என்றால் கனல். பொருள் சரி, கூப்பிடக் கொஞ்சம் கடினம். கபிலன் செம்மையும் பழுப்பும் கலந்த நிறம். சங்கப் புலவர் கபிலரின் பெயரும் கூட. அடர்ந்த சிவப்பு வேண்டாம் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இது.

படி 7: கூப்பிட்டுப் பாருங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். வாசலில் நின்று உரக்கக் கூப்பிடுங்கள். செல்லமாகச் சுருக்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். சேயோன் 'சேய்' ஆகும், அதற்கும் குழந்தை என்றே பொருள், ஆகவே சுருக்கினாலும் அழகு கெடாது.

எங்கள் வீட்டில் கடைசியில் நின்றதும் சேயோன்தான். தொல்காப்பியம் மலைநிலத்தைச் 'சேயோன் மேய மைவரை உலகம்' என்கிறது. கரிய மலையும் அதில் சிவந்த தெய்வமும் சேர்ந்து நிற்கும் அந்த ஒரு வரியைப் படித்ததும் அக்கா வேறு பெயரே பார்க்கவில்லை.

சேர்க்கை 1: சேய் என்றால் தொலைவு என்றும் பொருள் உண்டே, சேயோன் 'தொலைவில் இருப்பவன்' ஆகாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. சேய்மை என்ற தொலைவுச் சொல் உண்மைதான். பேரகராதியில் அது தனிப் பதிவு, சிவப்பு, முருகன், மகன் என்ற பொருள்கள் வேறு பதிவு. ஒரு சொல்லுக்கு இரண்டு பதிவுகள் இருந்தால் இரண்டையும் படியுங்கள், முதல் வரியோடு நிறுத்திவிடாதீர்கள். தெய்வப் பெயராக வரும்போது சேயோன் சிவந்தவனே.

சேர்க்கை 2: 'சிவா' சிவப்பா என்று பலர் கேட்கிறார்கள். வடமொழியில் சிவ என்றால் மங்களம். தமிழில் 'சிவத்தல்' என்ற வினையோடு சேர்த்துச் சிவந்தவன் என்றும் சொல்வதுண்டு. அந்த விளக்கம் உங்களுக்கு மனநிறைவு தந்தால் வையுங்கள். கேள்வியே எழக்கூடாது என்றால் அந்திவண்ணன் வையுங்கள், அதுவும் சிவனுடைய பெயர்தான், அதில் மாலை வானத்தின் நிறம் வெளிப்படையாகவே இருக்கிறது.

சேர்க்கை 3: பிறமொழிப் பெயர் தேடுவோருக்கு: ரூஃபஸ் லத்தீன், செம்முடிக்காரர் என்று பொருள். ரசல் பழைய பிரெஞ்சு வழி வந்தது. ரோரி கேலிக் மொழியில் சிவந்த அரசன். இந்த மூன்றும், ஆங்கிலத்தின் 'ரெட்' என்ற சொல்லும், நம் ரோகித்தும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை. ஒரு வாசகர் தம் இரட்டையர்களுக்கு ரோகித், ரோரி என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தார். உறவு முறைப்படி அவை ஏற்கெனவே சகோதரப் பெயர்கள், தாராளமாக வைக்கலாம்.